முப்பத்தொரு சூரியன்

குழு: வெள்ளவத்தை வீடு

வெள்ளி, மாலை 6.52

நான்: [31 படங்கள்]

நான்: இன்று கடற்கரையில், மரைன் டிரைவில் எடுத்தவை. வானம் செம்புக் குடம் போல இருந்தது.

பெரிய மாமா: எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரே சூரியன் முப்பத்தொரு முறை விழுகிறது.

தர்ஷி அக்கா: என் கைப்பேசியில் இடமில்லை என்று எச்சரிக்கையே வந்துவிட்டது அபி. ஒன்றை மட்டும் அனுப்பியிருக்கலாமே?

நான்: எதை விடுவது என்று தெரியவில்லை அக்கா.

பெரிய மாமா: விடுவதுதான் உன் வேலை. மற்றதைச் சூரியன் பார்த்துக்கொள்ளும்.

அம்மா: அழகாகத்தான் இருக்கிறது மகள். ஆனால் கடை விளக்குகள் எல்லாம் ஏன் ஊறின மாதிரி இருக்கின்றன?

சின்ன மாமா: லென்ஸைத் துடைத்தாயா? அங்கே கால் மணி நேரம் நின்றால் கண்ணாடியில் உப்புப் படிந்துவிடும். என் மூக்குக்கண்ணாடிக்கும் அதே கதைதான். சட்டைத் தலைப்பால் தேய்க்காதே, கீறும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் துடை.

சின்ன மாமா: இன்னொன்று. படத்தில் நிற்கிற மனிதர்கள் எல்லாம் கரிக்கட்டையாக இருக்கிறார்கள். நமக்குக் கடல் மேற்கே. மாலையில் கடலைப் பார்த்து எடுத்தால் முகம் இருட்டாகத்தான் வரும். நீ அப்படியே திரும்பி நின்றிருந்தால், அந்த வெளிச்சம் முழுக்க ஊரின் முகத்தில் விழுந்திருக்கும். கடலை வண்டிக்காரர், மாடிக் கொடியில் காயும் சேலை, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள். பொன் எல்லாம் உன் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

பெரியம்மா (ஸ்கார்பரோ, கனடா): எனக்கு இங்கே காலை ஒன்பதரை. தேநீரோடு உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன். கோபிக்காதே பிள்ளை, சூரியன் இங்கேயும் விழுகிறது. எனக்கு வேண்டியது வேறொரு சூரியன்.

நான்: எது பெரியம்மா?

பெரியம்மா: எங்கள் பழைய ஒழுங்கையில், முன்வீட்டு அன்ரியின் கேற்றில் இருந்ததே, இரும்புக் கம்பியால் வளைத்த அரைச் சூரியன். அது இருக்கிறதா?

அம்மா: அந்தப் பக்கம் போயே வருடங்கள் ஆகிவிட்டன அக்கா. பஸ்ஸில் காலி வீதியால் போகும்போது ஒழுங்கை முகப்பு தெரியும். அவ்வளவுதான்.

பெரியம்மா: எங்கள் வீட்டு ஆல்பம் 83 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு போய்விட்டது. அந்த ஒழுங்கை என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. சில நாட்களில் கேற் பச்சை நிறம், சில நாட்களில் நீலம்.

அம்மா: பச்சை.

பெரிய மாமா: நீலம்.

அம்மா: அம்மம்மா பக்கத்தில் இருக்கிறார். "சாம்பல். ஒரு பக்கம் மட்டும் பச்சை அடித்துவிட்டுப் பெயின்ட் முடிந்துபோனது" என்கிறார்.

நான்: நாளை காலை புறக்கோட்டைக்குப் போகிறேன். திரும்பும்போது ஒழுங்கைக்குள் போய்ப் பார்க்கிறேன் பெரியம்மா.

அம்மா: தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுக்காதே. ரயில் வருகிற சத்தத்தைக் கடல் விழுங்கிவிடும்.

சனி, காலை 7.35

நான்: 100 ஆம் இலக்கப் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டேன். சிவப்புப் பள்ளிவாசல்.

நான்: [படம்]

சின்ன மாமா: சம்மாங்கோட்டுப் பள்ளி என்று சொல். 1908 இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் கப்பலில் வருகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்துகொள்வார்களாம்.

தர்ஷி அக்கா: இந்தப் படம் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது அபி. சுற்றுலா அட்டையில் வருவதுதானே. முன்னால் யாரும் இல்லை, பக்கத்தில் கடை இல்லை, மின்கம்பி இல்லை. எப்படி எடுத்தாய்?

நான்: ஆட்கள் கடந்து போகும்வரை இருபது நிமிடம் காத்திருந்தேன்.

தர்ஷி அக்கா: அந்த இருபது நிமிடத்தில் கடந்து போனவர்களை எடுத்திருக்கலாம்.

காலை 8.20

நான்: [படம்] நான்காம் குறுக்குத் தெரு.

நான்: வெங்காய மூட்டை. தோளுக்கும் பிடரிக்கும் நடுவில் சரியாக உட்காருகிறது. சாக்கை மடித்துத் தலையில் முக்காடு மாதிரிப் போட்டிருக்கிறார். தெரு முழுக்க வெங்காயச் சருகு, செருப்பில் ஒட்டிக்கொண்டு என்னோடு வருகிறது.

சின்ன மாமா: மூட்டை தூக்கும் நாட்டாமிகளை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடு. அவர்களுக்கு ஒவ்வொரு நடையும் காசு. வழியில் நிற்காதே.

நான்: கேட்டேன் மாமா. கேட்டதும் மூட்டையை இறக்கிவிட்டார்! சாரத்தை உதறிக் கட்டி, தலைமுடியை விரலால் கோதி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றார். நான் எடுக்க நினைத்த படம் போய்விட்டது. "பதுளையில் மகளுக்கு அனுப்ப வேண்டும், அனுப்பித் தாருங்கள்" என்று எண்ணைச் சொன்னார். அனுப்பினேன். பிறகு மூட்டையோடும் ஒன்று எடுக்க விட்டார். மகளுக்கு அதை அனுப்ப வேண்டாம் என்றார்.

பெரியம்மா: நேராக நிற்கும் படத்தையும் குழுவில் போடு.

நான்: அது அவர் மகளுக்குக் கொடுத்தது பெரியம்மா.

பெரியம்மா: சரி, சரி. நீ சொல்வதுதான் நியாயம்.

தர்ஷி அக்கா: பெரியம்மா, அங்கே நள்ளிரவு ஆகப்போகிறது. தூங்கவில்லையா?

பெரியம்மா: கேற் வரட்டும்.

காலை 9.05

நான்: கோட்டையில் ஒரு கட்டடத்துக்கு முன்னால் காவலாளி கூப்பிட்டு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். நான் எடுத்தது எதிர்ப்பக்க மரத்தடியில் இருந்த லொத்தர்ச் சீட்டு விற்பவரின் மேசையை. காட்டியும் கேட்கவில்லை. நான்கு படங்கள் போய்விட்டன.

அம்மா: வாய் காட்டினாயா?

நான்: இல்லை அம்மா. கொஞ்சம்.

சின்ன மாமா: அந்தப் பக்கம் அப்படித்தான். சீருடை தெரிந்தால் முதலில் கேட்டுவிடு, இல்லையென்றால் கையை இறக்கிவிடு. அழித்த படம் ஒரு மாதம் வரை குப்பைத் தொட்டிக் கோப்புறையில் கிடக்கும் என்று யாருக்கும் சொல்லாதே.

பெரிய மாமா: அங்கே நிற்கிறாய் என்றால் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார். 1857 இல் கட்டியது. பத்து வருடம் கழித்து அதன் தலையில் கலங்கரை விளக்கையும் வைத்தார்கள். மணிக்கூடும் விளக்கும் ஒரே உடம்பில். 1952 வரை எரிந்தது. ஏன் நிறுத்தினார்கள் தெரியுமா?

நான்: பழுதாகியா?

பெரிய மாமா: இல்லை. சுற்றிலும் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட்டன. கடலில் இருக்கிறவனுக்குத் தெரியாத விளக்கு எதற்கு?

நான்: [படம்] இப்போது கோபுரத்தையே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் போய், பின்னால் போய், கடைசியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

அம்மா: போதும், வீட்டுக்கு வா.

காலை 10.40

நான்: ஒழுங்கைக்குள் வந்துவிட்டேன்.

நான்: பெரியம்மா, நீங்கள் சொன்ன மாதிரி இங்கிருந்து கடல் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒன்பது, பத்து மாடி. முடிவில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் தெரிகிறது, அதிலும் பாதி வானம்.

பெரியம்மா: முன்பு ஒழுங்கை தண்டவாளத்தில் போய் முடியும். மரைன் டிரைவ் எல்லாம் கிடையாது. இரவில் ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும். எங்கள் வீடு இருந்த இடம்?

நான்: மாடிக் குடியிருப்பு. கீழே கார் நிறுத்துமிடம். காவலாளி ஐயா நல்லவர், உள்ளே பார்க்க விட்டார். மதில்கூடப் புதிது.

அம்மா: முன்வீடு?

நான்: இருக்கிறது.

நான்: சத்தியமாக இருக்கிறது! ஒரு மாடிதான். ஓடு மாற்றித் தகரம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள், நடுவில் ஒரு பல் குறைந்த வாய் மாதிரி. இப்போது இருப்பவர்கள் வேறு ஆட்கள். கேட்டேன், எடுங்கள் என்றார்கள்.

நான்: [படம்]

நான்: குழுவில் போட்டால் படம் சுருங்கிவிடுகிறது. அதனால் ஆவணமாகவும் அனுப்புகிறேன். அதைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள்.

நான்: [ஆவணம்]

அம்மா: அம்மம்மா போனை வாங்கிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடி கேட்கிறார்.

பெரியம்மா: சாம்பல்தான்.

பெரியம்மா: மேலே அடித்த கறுப்புப் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் சாம்பல், வலப்பக்கம் கீழே மட்டும் பச்சை தெரிகிறது பாருங்கள்.

அம்மா: அம்மம்மா சொல்லச் சொல்லித் தட்டுகிறேன். "அந்தக் கேற்றைத் திறந்துதான் அன்ரி எங்களை உள்ளே எடுத்தாள். மூன்று நாள் பின்னறையில் இருந்தோம். அவள் வெளியே நின்று, இங்கே யாரும் இல்லை என்று சொன்னாள். நான் அந்தக் கேற்றின் உட்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பிள்ளை உட்பக்கத்திலிருந்தும் ஒன்று எடுக்குமா?"

நான்: கேட்டுப் பார்க்கிறேன் அம்மம்மா.

காலை 10.58

நான்: [படம்]

நான்: உள்ளே விட்டார்கள். முற்றத்தில் நிற்கிறேன். வெயில் கம்பிக்குள்ளால் வந்து தரையில் சூரியனை விரித்துப் போட்டிருக்கிறது.

பெரியம்மா: ஒரு கதிர் இல்லை.

நான்: எங்கே?

பெரியம்மா: நிழலை எண்ணு. ஆறு. ஏழு இருக்க வேண்டும். இடமிருந்து மூன்றாவது.

நான்: ஆமாம். அடிக்கட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியம்மா: அதில் தொங்கி ஆடி முறித்தவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

தர்ஷி அக்கா: யார்???

பெரிய மாமா: துருப்பிடித்த கம்பி.

பெரியம்மா: உனக்கு அப்போது ஒன்பது வயது. முறிந்த கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நீ வீட்டுக்கு ஓடிவந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.



அம்மா: அம்மம்மா சொல்கிறார்: "அப்பா வெல்டிங் செய்து தருவதாக அன்ரியிடம் சொன்னார். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே போனார்."

பெரிய மாமா: அபி, நீ இன்னும் அங்கேதானே நிற்கிறாய்? அந்தக் கம்பி எவ்வளவு தடிப்பு என்று விரலை வைத்து ஒரு படம் எடு.