பினெல்லாஸில் வீடு வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரத்தில் வேலை கிடைத்து வருகிறவர்கள் ஒன்றிரண்டு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, பாலத்தைத் தாண்டி பினெல்லாஸ் கவுண்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வீடு தேட ஆரம்பிக்கிறார்கள். ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடா, மறுபக்கம் டாம்பா விரிகுடா, கொல்லைப்புறத்தில் தண்ணீர். பார்த்ததும் மனசு விழுந்துவிடும், எங்களுக்கும் விழுந்தது. பள்ளிக்கூடம், கடன் வட்டி எல்லாம் விசாரிக்கிற நம் ஆட்கள், அந்த மனையில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் விசாரிப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த ஒரு கவுண்ட்டிக்குள் 24 நகராட்சிகள் இருக்கின்றன. முகவரியில் லார்கோ என்றோ கிளியர்வாட்டர் என்றோ இருக்கும், ஆனால் வீடு நகர எல்லைக்கு வெளியே, கவுண்ட்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கலாம். கட்டட வேலைக்கு பெர்மிட் தருகிற இடமும் விதியும் அதற்கேற்ப மாறும்.

அடுத்தது, நிறைய குடும்பங்களை உலுக்கிய 50 சதவீத விதி. வெள்ள அபாயப் பகுதியில் தாழ்வாகக் கட்டிய பழைய வீட்டுக்கு நீங்கள் செய்யும் பழுதுபார்ப்போ புதுப்பிப்போ கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், முழு வீட்டையும் இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்த வேண்டும். கட்டடத்தின் மதிப்பு மட்டும்தான், நிலத்தின் மதிப்பு இதில் சேராது. வீடும் மனையும் சேர்த்து ஆறு லட்சம் டாலர் கொடுத்திருப்பீர்கள், கட்டடம் மட்டும் 1,60,000 என்றால் உங்கள் வரம்பு 80,000. சமையலறை, குளியலறை, கூரை என்று போனால் அது எத்தனை சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்துப் பாருங்கள். 2025 வரை சில ஊர்களில் முந்தைய வருட வேலைகளையும் சேர்த்தே கணக்குப் பார்த்தார்கள். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயலில் கடல் உள்ளே வந்த பிறகு, தரையோடு தரையாக இருந்த பழைய வீட்டுக்காரர்கள் பலர் இந்த விதியில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் கதை வேறு. நாங்கள் வாங்கியது மேல்தளத்தில் குடியிருக்கும்படி கட்டிய வீடு. கீழே கார் நிறுத்தும் இடத்தின் பாதியைத் தடுத்து, ஏசி போட்டு, பழைய உரிமையாளர் ஒரு அறை ஆக்கியிருந்தார். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால் படியேறாமல் தங்கலாம் என்று சந்தோஷப்பட்டோம். சுவரின் அடியில் சதுரமாக லேசான மேடு, விரலால் தடவினால் தெரியும், ஏதோ பூச்சு வேலை என்று விட்டுவிட்டோம். அது வெள்ள நீர் உள்ளே வந்து வெளியேறுவதற்காக விட்டிருந்த துவாரம், பலகை வைத்து அடைத்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். குளியலறை பெர்மிட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தார். வெள்ள மட்டத்துக்குக் கீழே வண்டி நிறுத்தலாம், சாமான் வைக்கலாம், மேலே ஏறப் படி வைக்கலாம், குடியிருக்கக் கூடாது. மொத்தத்தையும் எங்கள் செலவில் பிரித்தெடுத்தோம். ஃப்ளோரிடாவில் இந்த மாதிரி மீறலுக்கு ஒரு நாளைக்கு 250 டாலர் வரை அபராதம் போடலாம், அது சொத்தின் மேல் ஏறி நிற்கும், செய்த ஆள் போய்விட்டாலும் வாங்கியவர் தலையில்தான்.

அப்புறம், வெள்ள மண்டலமும் வெளியேற்ற மண்டலமும் ஒன்றல்ல. ஏஈ, விஈ, எக்ஸ் என்பவை வெள்ள மண்டலங்கள், இன்சூரன்ஸுக்கும் கட்டடத்துக்கும்; ஏ முதல் ஈ வரை உள்ளவை வெளியேற்ற மண்டலங்கள், புயல் வந்தால் எப்போது கிளம்ப வேண்டும் என்பதற்கு. ஏஜென்ட் “ஏ இல்லை, பயமில்லை” என்றால் எந்த ஏ என்று கேளுங்கள்.

தோட்டத்துக்கும் சட்டம் உண்டு. தண்ணீர் ஓரத்தில் நிற்பது நம் பிச்சாவரத்தில் பார்க்கிற அலையாத்தி இனம்தான், காட்சியை மறைக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். 1996 மாநிலச் சட்டம் அதைக் காக்கிறது, கிளையைக் கழிக்க நினைத்தாலும் முதலில் கவுண்ட்டியில் கேட்க வேண்டும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை புல்லுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போடவே கூடாது, மழை அதை அடித்துக்கொண்டுபோய் விரிகுடாவில் பாசியை வளர்த்துவிடும், கடற்புல் வெளிச்சமில்லாமல் சாகும். மணலில் அரைவட்ட வாயுடன் ஒரு வளை தெரிந்தால் அது கோஃபர் என்கிற நில ஆமையுடையது, அதிலிருந்து 25 அடிக்குள் மண்ணைத் தோண்ட அனுமதி வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடென்றால் மே முதல் அக்டோபர் வரை கடல் பக்கம் வெள்ளை விளக்கு எரியக் கூடாது, கடலாமைக் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து வந்துவிடும்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். விலை பேசி முடித்ததும் அந்த வீட்டின் பெர்மிட் வரலாறு, முடிக்காமல் கிடக்கும் பெர்மிட், அபராதம், எலிவேஷன் சர்டிஃபிகேட் (வீட்டின் தளம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் சான்று) எல்லாம் கேட்டு வாங்குங்கள். இங்கே பரவலாகப் பயன்படும் ஒப்பந்தத்தில், வேறு எண் எழுதாவிட்டால் பின்வாங்குவதற்கு 15 நாள்தான், சனி ஞாயிறும் அதில் சேரும். கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையிலேயே பெர்மிட் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள்.