எட்டு வயது மகளுக்குக் கற்றல் குறைபாடு மதிப்பீடு எங்கே எடுக்கலாம்? வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. பறித்த தேயிலை ஃபேக்டரியில் ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டு, நசுங்கிய இலையில் காற்று படுவதால்தானே என்று அவளே காரணமும் சொல்வாள். மூன்று இலக்கக் கூட்டலை மனதிலேயே போடுவாள். ஆனால் நாலு வரி எழுத அரை மணி நேரம். வாசிக்கும்போது கொம்பும் காலும் விட்டுப்போகும். பள்ளியில் சோம்பல் என்கிறார்கள். இல்லவே இல்லை, எழுதி முடிப்பதற்குள் பிள்ளைக்குக் கண் கலங்கிவிடுகிறது.

ஊட்டியிலோ கோவையிலோ தமிழிலேயே பேசிச் சோதிக்கும் உளவியலாளர் யாரையாவது தெரியுமா? ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், மொழி தெரியாததையும் கற்றல் குறைபாட்டையும் (அறிவு இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் வரும் தடுமாற்றம்) பிரித்துப் பார்க்க முடியாது. மொத்த ஐ.க்யூ. (நுண்ணறிவு) எண் மட்டும் எனக்குப் போதாது. காரணம் காணும் திறன் மிக உயர்ந்தும் எழுதும் வேகம் தாழ்ந்தும் இருந்தால், இரண்டும் கலந்து 'சராசரி' என்று வந்துவிடும். பகுதிவாரி மதிப்பெண்ணோடு அறிக்கை தருபவர் வேண்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் பிறகு பார்க்கலாம். இப்போதைக்குப் பள்ளியில் வாய்மொழியாகப் பதில் கேட்கட்டும்; எழுத்துக்குத் தனிப் பயிற்சியும், கணக்கில் இன்னும் கடினமானதும் சேர்த்தே கொடுக்கட்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறிக்கக் கூடாது.

அறிக்கையோடு தலைமையாசிரியரிடம் பேசியவர்கள், என்ன கேட்டீர்கள், எதை எழுத்தில் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை பார்ப்பவராக இருந்தால் பெரிய உதவி. பஸ்ஸில்தான் வர வேண்டும்.