அதிகாலை மூன்று மணிக்கு அலறிய கைபேசி

என் அப்பாவுக்கு வயது 71. இரவில் இன்சுலின் போட்டும், காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 190-க்குக் கீழே இறங்கவில்லை. மேற்கையின் பின்புறம் 14 நாட்கள் ஒட்டியிருந்து, சர்க்கரையை அளந்து கைபேசிக்கு அனுப்பும் சென்சார் ஒன்றைப் பொருத்திப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அது ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தின் குளுக்கோஸை அளப்பதால் சில நிமிடங்கள் பின்தங்கும். அந்த இடம் அழுந்தினால் இல்லாத தாழ்வையும் காட்டும்.

இதை நாங்கள் அறிந்துகொண்டது ஐந்தாம் நாள் இரவில்தான். மூன்று மணிக்குக் கைபேசி அலறியது, திரையில் 58. அம்மா பதறிப்போய் டம்ளரில் சர்க்கரையைக் கரைக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவுக்கோ வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. "கைதான் மரத்துப்போச்சு" என்று இடக்கையை உதறிக்கொண்டிருந்தார். விரலில் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 121. சென்சார் இருந்த கையின் மேலேயே படுத்து உறங்கியிருக்கிறார். அந்த இரண்டு எண்களையும் 'இடக்கை அழுந்தியது' என்ற குறிப்பையும் அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார்.

சென்சாரோடு இணைந்த செயலியின் செயற்கை நுண்ணறிவு, வார இறுதி அறிக்கையில், இரவில் சர்க்கரை தாழ்வதாகவும் இரவு இன்சுலினைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம் என்றும் எழுதியிருந்தது. (கேழ்வரகுக் களியின் படத்தைப் பார்த்து அதைச் சாக்லேட் கேக் என்று சொன்னதும் இதே செயலிதான், அதற்காவது சிரிக்க முடிந்தது.) மருத்துவர் அறிக்கையையும் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் இருந்த அந்த ஒரு பள்ளத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற இரவுகளில் நான்கு மணிக்குப் பிறகு, எதுவும் சாப்பிடாமலேயே, கோடு மெல்ல ஏறுவதைச் சுட்டிக்காட்டினார். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுவதால் இப்படி ஏறும் என்று விளக்கி, இரவு இன்சுலினை 2 யூனிட் கூட்டினார். இரவுச் சாப்பாட்டில் அப்பா ரகசியமாக ஏதோ சேர்த்துக்கொள்கிறார் என்று மாதக்கணக்கில் சந்தேகப்பட்ட எங்களுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. விரல் குத்தல் மட்டும் இருந்திருந்தால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இரண்டாவது சென்சாரை வலக்கையில் ஒட்டியிருக்கிறோம். அப்பா இடப்புறம் சாய்ந்துதான் தூங்குவார்.