மறு: 'அன்ஸ்ப்ரங் வெயிட்' தமிழில் – தொங்காதது என் கண் முன்னால் தொங்குகிறது

வணக்கம்.

மூன்று நாளாக இழையை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு இருக்கைச் சின்ன வண்டி ஒன்றைச் சொந்தக் கையால் மாற்றியமைப்பதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்து, முதல் பக்கத்திலேயே 'அன்ஸ்ப்ரங் வெயிட்' என்ற சொல்லில், அதாவது வில்லுக்கு (ஸ்பிரிங்குக்கு) கீழே சக்கரத்தோடு சேர்ந்திருக்கும் எடைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில், முட்டிக்கொண்டவன் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வண்டியின் தொங்கல் அமைப்பு தாங்குவது தொங்கு நிறை. தாங்காதது தொங்கா நிறை. எளிது, தெளிவு.

ஐயா, முந்தாநாள் வரை எனக்கும் இதில் குறை தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் என் மியாட்டா காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வண்டி மேலே போகப் போக, சக்கரம் மட்டும் தரையை விடாமல் நின்றது. நாலு விரற்கடை உயர்ந்த பிறகுதான் அதுவும் தரையை விட்டுக் கிளம்பி அப்படியே தொங்கியது. சக்கரம், டயர், பிரேக் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர், சக்கரத்தை மாட்டும் ஹப், இவைதான் நாம் பெயர் வைக்கத் தேடும் சாமான்கள். நீங்கள் 'தொங்கா நிறை' என்று சொல்லும் அதே பொருள் என் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது! வண்டியின் உடலோ எதிலும் தொங்கவில்லை, வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஐரோப்பாவில் 'சஸ்பென்ஷன்', அதாவது தொங்கல், என்ற சொல் பிறந்ததற்குக் காரணம் உண்டு. பழைய குதிரை வண்டிகளில் ஆள் உட்காரும் பெட்டியைத் தோல்வாரில் உண்மையாகவே தொங்கவிட்டிருந்தார்கள். தோல்வார் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. நம் ஊர் வண்டிக்கு அந்த வரலாறு இல்லை. வசதியான வீட்டார் ஏறிப் போன வண்டிக்கு நாம் வைத்த பெயர் வில்வண்டி. இருசுக்கும் கூட்டுக்கும் நடுவே வில் இருந்தது, அதனால் அந்தப் பெயர். வில் இல்லாத கட்டை வண்டியில் குண்டும் குழியும் நேராக முதுகெலும்புக்கு வந்து சேரும். ஆக, இந்த இடத்தில் தமிழன் பெயர் வைத்தது வில்லைப் பார்த்து, தொங்குவதைப் பார்த்து அல்ல.

சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இழையில் புதிதாக வந்தவர்கள் கேட்டிருந்தார்கள்.

என்னுடையது 1991ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5 என்பார்கள், ஜப்பானில் அப்போது யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய வண்டியின் அதே தலைமுறை. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத் திறன், கண்ணைத் திறந்து மூடுவது போல எழும்பி அடங்கும் முகவிளக்கு. எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் கீழே. வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை, எங்கள் தெருவில் பால் வாங்கப் போகும் அம்மாக்களின் வேன்களே இதை முந்திவிடும். சின்ன வண்டி, பின்சக்கர ஓட்டம், நாலு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு) என்பதால் கழற்றி மாட்டி விளையாடத் தோதானது. அவ்வளவுதான்.

முன்பு வைத்திருந்தவர் இதற்கு 17 அங்குலச் சக்கரம் போட்டிருந்தார். பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் மிச்சிகன் சாலைகளில், பனி உருகிய பிறகு சாலை என்று எதைச் சொல்வது என்பதே கேள்வி, ஸ்டியரிங் கையில் நிற்காமல் நடுங்கும். ஒரு சின்ன ஒட்டுப் போட்ட இடத்தில் ஏறினால் முன்பக்கம் அரை அடி தள்ளிப் போய் இறங்கும். மோசமான ஷாக் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) என்று நினைத்துப் புது ஷாக் மாட்டினேன். காசு போனதுதான் மிச்சம். பிறகு ஒருநாள் சக்கரத்தைக் கழற்றி, கட்டிப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நின்றேன். என் எடையைக் கழித்தால் டயரோடு 19 கிலோ. பழைய 14 அங்குலச் சக்கரம் நாலையும் ஒருவரிடம் தேடிப் பிடித்து வாங்கி அதே மாதிரி ஏறி நின்றேன். டயரோடு பன்னிரண்டரை. டயர் இல்லாமல் அந்தச் சக்கரம் ஐந்தரை கிலோவைத் தொடாது. நாலு மூலைக்கும் சேர்த்து 26 கிலோ வித்தியாசம்.

26 கிலோ என்ன பிரமாதம், பின்னால் ஒரு அரிசி மூட்டை ஏற்றினால் வந்துவிடும் என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம். மூட்டை வில்லின் மேலே இருக்கிறது, சக்கரம் வில்லுக்குக் கீழே இருக்கிறது. மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளும்போது அதைத் திரும்பத் தரைக்குத் தள்ள வில் ஒன்றுதான் இருக்கிறது. சக்கரம் கனமாக இருந்தால் துள்ளல் பெரிது, திரும்பி வர நேரமும் அதிகம். டயர் தரையை விட்ட அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, திருப்பலும் இல்லை. வண்டியின் உடல் வினாடிக்கு ஒன்றிரண்டு தடவைதான் மேலும் கீழும் ஆடும். சக்கரம் பத்துப் பதினைந்து தடவை ஆடும். இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும் இரண்டு வேறு ஆட்டங்கள். முதுகில் ஒரு கிலோ பையோடு ஓடிப் பாருங்கள், அப்புறம் அதே ஒரு கிலோவைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> சுருள்வில் சாரா நிறை

இது பாடப்புத்தகத் தமிழில் அழகாக உட்காரும். ஆனால் சுருள் என்று கட்டிப்போட்டால் மாட்டிக்கொள்வோம். நம் அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் முறுக்குத் தண்டு, பின்னால் இலைவில். சுருள் எங்கே? ஆனால் பின்னால் அச்சு முழுதும், எஞ்சினின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும், நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலோடு சேர்த்து, நாம் பெயர் தேடும் இந்த எடைதான். சுருளே இல்லாத வண்டியில் இந்தச் சங்கதி இவ்வளவு நிறைய இருக்கிறது. இன்றைக்கு ஓடும் சொகுசுப் பேருந்துகளில் இரும்பு வில்லே இல்லை, காற்றுப் பைதான். 'வில்' என்று பொதுவாக வைத்தால் சுருள், இலை, முறுக்கு, காற்று எல்லாம் உள்ளே வந்துவிடும்.

> வில் தாங்காத எடை

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படித்த என் மனைவி, "வில் ஒடிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள். தாங்காத பாரம் என்றால் நமக்கு ஒரே அர்த்தம்தானே.

> விற்கீழ்ப் பொருண்மை, வின்மேற் பொருண்மை

புணர்ச்சி பிசகில்லை. ஆனால் முதலாவதை விற்பனை வரி என்றும் இரண்டாவதை விண்வெளி என்றும் படிப்பார்கள். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல முடிகிற சொல்லாக இருக்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை.

என் பரிந்துரை: வில்லடிப் பாரம். மறுபக்கத்துக்கு வில்மேல் பாரம், நடுவே இடம் விட்டு எழுதினால் புணர்ச்சித் தொல்லையும் இல்லை. மரத்துக்கு அடியில் மரத்தடி, வில்லுக்கு அடியில் வில்லடி. பாரம் என்ற சொல் வண்டிக்காரர்களுடையது. முன்பாரம் என்றால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் என்றால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும். எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி அந்தச் சொல்லுக்குப் பழக்கம் இருக்கிறது.

கோயிலோவர், கேம்பர், லிமிடெட் ஸ்லிப் எல்லாம் தமிழ்ப் பெயருக்காக வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்.

-----

(கோவையிலிருந்து ஒரு நண்பர்)

வணக்கமுங்க. 'வில்' சரிங்க. எங்கள் பட்டறைப் பக்கம் லாரிக்கு அடியில் இருப்பதை 'கமான் பட்டை' என்போம். ஒடிந்த பட்டையை அரிவாள் அடிக்க வாங்கிப் போவார்கள், அவ்வளவு நல்ல இரும்பு. கமான் வடக்கத்திச் சொல், பாரசீகத்தில் இருந்து வந்தது. அதற்கும் வில் என்றுதான் அர்த்தம். ஆக, பட்டறைக்காரனும் பண்டிதரும் ஒரே பொருளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கேள்வி. ஷாக்கும் வில்லும் எந்தக் கணக்கில் வரும்? ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே இருக்கிறதே?

-----

(யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது லண்டனில் இருக்கும் அண்ணர்)

நிறை என்ற சொல்லைத் தவிர்த்தது நல்லது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது பொருளின் அளவு, எடை என்பது புவி இழுக்கும் விசை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததோ முதலாவதுக்குத் திணிவு, இரண்டாவதுக்கு நிறை. ஒரே சொல், இரண்டு கரையிலும் இரண்டு பொருள். 'தொங்கா நிறை' என்று போட்டிருந்தால் எங்கட பிள்ளைகள் நியூற்றனில் கணக்குப் போட்டிருப்பினம், உங்கட பிள்ளைகள் கிலோகிராமில் போட்டிருப்பினம்.

ஆனால் பாரம் என்பது அளவீட்டுச் சொல் அல்லவே. சமன்பாட்டில் எப்படி எழுதுவது?

-----

(நாகர்கோவிலிலிருந்து, 'வில் தாங்காத எடை'யை முன்வைத்த அக்கா)

தம்பி, என் சொல்லை உன் மனைவி ஒடித்துப்போட்டது நியாயம்தான். ஆனால் எங்கள் ஊரில் வந்து 'வில்லடி' என்று சொல்லிப் பார். எந்த அம்மன் கோயில் கொடை, யார் பாட்டு என்று கேட்பார்கள். எங்களுக்கு வில்லடி என்றால் வில்லுப்பாட்டு. ராத்திரி முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான், என்னால் அந்தச் சொல்லைச் சக்கரத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

-----

மறுபடியும் நான்.

கோவை நண்பருக்கு: வழக்கம் என்னவென்றால் வில், ஷாக், ஆர்ம் (சக்கரத்தைப் பிடிக்கும் கை) மூன்றிலும் பாதியை மேலே, பாதியைக் கீழே எழுதிக்கொள்வார்கள். துல்லியம் இல்லை, போதும். இந்தக் கணக்கு தெரிந்துதான் ஜாகுவார் இ-டைப் காரில் பின்பக்க பிரேக் தட்டைச் சக்கரத்தில் மாட்டாமல் உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி மாட்டினார்கள். பிரேக் அதேதான், வில்லுக்கு மேலே ஏறிவிட்டது. பிரேக் பேட் மாற்றும் ஆள் பாவம், அது வேறு கதை.

லண்டன் அண்ணருக்கு: சமன்பாட்டில் அவரவர் சொல்லையே சேர்த்துக்கொள்ளட்டும். 'வில்லடிப் பாரத்தின் திணிவு' என்று நீங்கள் எழுதுங்கள், 'வில்லடிப் பாரத்தின் நிறை' என்று நாங்கள் எழுதுகிறோம். கிலோ என்று அலகு போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

அக்காவுக்கு: மரத்தடியில் உட்கார்ந்தான் என்றால் யாரும் மரத்தை அடித்தான் என்று எடுப்பதில்லை என்று பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு தோன்றியது. இந்த வண்டியைச் செய்தவர்கள் தங்கள் குறிக்கோளுக்கு 'ஜின்பா இத்தாய்' என்று பெயர் வைத்தார்கள், குதிரையும் ஆளும் ஓருடல் என்று பொருள். அவர்கள் மனதில் இருந்தது ஓடும் குதிரை மேலிருந்து அம்பு விடும் ஜப்பானிய வில்வித்தை. அவர்களே ஒரு வில்லைக் கொண்டுவந்து வைத்திருக்கும்போது, நாமும் ஒன்றைக் கொண்டுவந்தால் தப்பா? இருந்தாலும் நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தச் சொல்லை நம் சொற்பட்டியலில் ஏற்ற மாட்டேன்.

-----

(நாகர்கோவில் அக்கா)

ராத்திரி யோசித்தேன். வில்லுப்பாட்டில் வில்லை எதன் மேல் வைத்துக் கட்டுவார்கள் தெரியுமா? மண்குடம். குடத்தின் கழுத்தில் வில் உட்கார்ந்திருக்கும், குடம் தரையில் இருக்கும். குடம் அடிப்பவர் வேறு, வில் அடிப்பவர் வேறு, தாளமும் தனித்தனி. உன் மடலில் இரண்டு ஆட்டம் என்று எழுதியிருந்தாயே, ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக என்று.

ஏற்றிக்கொள் தம்பி. ஆனால் பட்டியலில் விளக்கம் எழுதும்போது குடத்தையும் ஒரு வரி சேர்த்துவிடு.

-----

சேர்த்துவிட்டேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் கழற்றப் போகிறேன், கேலிப்பரையும் பிரேக் தட்டையும் தனித்தனியாக நிறுத்து எழுதுகிறேன். குளியலறைத் தராசை இனி கராஜுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. கிரீஸ் கறை போகவில்லையாம். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கியிருக்கிறேன், அதற்குள்ளும் ஒரு வில்தான் இருக்கிறது.