விக்டோரியா காலச் சாக் ஓவியப் பாணியில் பாட்டி முகம்: கண்ணை மூடுவதா, திறப்பதா?

கும்பகோணம்_கரித்துண்டு:
தேவாரம் பாடும் பாட்டி ஒருவரை அந்தப் பாணியில் வரைகிறேன். ஆங்கில ஓவியர் ரோசெட்டியின் 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' படம் மாதிரி இமையை மூடி முகத்தைத் தூக்கினால் பக்தி வருகிறது, பாட்டியின் ஜாடை போய்விடுகிறது. எங்கே பிசகு? தாள் எது எடுக்கலாம்?

திருவையாறு_தூரிகை:
பிசகு கையில் இல்லை, எடுத்துக்கொண்ட மாதிரியில். மனைவி எலிசபெத் சிடல் 1862-ல் இறந்த பின் ரோசெட்டி அவரை, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காதலி பியாட்ரிஸாக்கி வரைந்த படம் அது. மூடிய இமை, லேசாகப் பிரிந்த உதடு எல்லாம் பியாட்ரிஸுக்கானவை, சிடலின் ஜாடை அல்ல. சிடலே 1853-54-ல் தன்னை வரைந்த சிறிய வட்டப் படத்தைப் பாருங்கள்: இமை கனத்திருக்கும், பார்வை நேரே நம்மேல். வரைந்தவரே மாடலாக உட்கார்ந்தவராகவும் இருந்தால் முகம் இப்படித்தான் வரும் போல!

உங்களுக்குப் பொருந்துவது, ரோசெட்டி 1866-ல் தங்கை கிறிஸ்டினாவை நீலச்சாம்பல் தாளில் வண்ணச் சாக்கால் வரைந்தது. அவரும் பக்தியில் ஊறிய கவிஞர்தான், ஆனால் கண் திறந்தே இருக்கிறது.

அந்தத் தாள் கிடைக்காவிட்டால் 200 ஜிஎஸ்எம் எடையுள்ள கார்ட்ரிட்ஜ் ஓவியத் தாளை நாலு பக்கமும் பலகையில் ஒட்டி, அல்ட்ராமரைன் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் அம்பர் பழுப்பு கலந்து, நீர்த்த பூச்சாக ஒரே வாஷ். தாளின் நிறமே கன்னத்தின் நடுச்சாயல். அங்கே சாக்கே வேண்டாம். கரி புருவத்தடியிலும் மூக்கடியிலும் உதட்டிடுக்கிலும் மட்டும். கண் ஓரம், காது மடலுக்குச் சிவப்புக் கான்டே குச்சி. வெள்ளை நெற்றி, மூக்குத்தண்டு, கீழுதடு, அவ்வளவே. கரிமேல் வெள்ளை பட்டால் சாம்பல் பூத்துவிடும். விழிவெள்ளையையும் தாளாகவே விடுங்கள்.

தஞ்சை_பலகை:
எங்கள் தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் கண் திறப்பது கடைசி வேலை. இங்கே அந்த வரிசை உதவாது: இரண்டு கண்ணின் உள்மூலைக்கு நடுவே உள்ள இடைவெளியை முதலில் பிடியுங்கள், ஜாடை அதில்தான். மேலிமைக்கு ஒற்றைக் கோடு போதாது. இமையின் தடிமனும், அது விழிமேல் போடும் நிழலும் வேண்டும். பார்வை சற்றே மேலே போகட்டும். கருவிழிக்குக் கீழே வெள்ளை அதிகம் தெரிந்தால் சாமி வந்த மாதிரி ஆகிவிடும், ஓதுகிற முகமாக இருக்காது.

கும்பகோணம்_கரித்துண்டு:
நன்றி சார். சாக் உதிராமல் பிடிக்கும் பிக்ஸேடிவ் ஸ்ப்ரே அடிக்கலாமா?

திருவையாறு_தூரிகை:
வெள்ளை போடும் முன் ஒரு அடி தள்ளி லேசாக. வெள்ளைக்கு மேல் அடித்தால் மங்கிப்போகும். ஐப்பசி அடைமழையில் அடிக்காதீர்கள், தாள் ஈரம் குடித்திருக்கும். பிரேம் போடும்போது மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) வைத்து கண்ணாடி தாளில் படாமல் பாருங்கள். ஒட்டினால் சாக்கும் போகும், பூஞ்சையும் பிடிக்கும்.