மைலோனைட் ஸ்லைடு: குவார்ட்ஸ் சராசரி 85 மைக்ரான், நீள-அகல விகிதம் வெறும் 1.3. எங்கே இடிக்குது?

பாகூர்_ஜியாலஜி
வணக்கம். ஆத்தூர்ப் பக்கத்து ஷியர் சோன் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை) மைலோனைட், அதாவது அங்கே இழுபட்டு மணிகள் நுணுகிய பாறை. ஒரே கல்லில் ஒரு சாண் இடைவெளியில் எடுத்த இரண்டு ஸ்லைடு (நுண்ணோக்கிக்காக மெல்லியதாகத் தேய்த்த துண்டு). கையில் வைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ் நாடா நாடாவாக இழுபட்டிருக்கு. ஆனால் இமேஜ்ஜே மென்பொருளில் ஆட்டோ த்ரெஷோல்டு (வெளிச்சம், இருட்டை வைத்துத் தானாகப் பிரிப்பது) போட்டு அளந்தால் முதல் ஸ்லைடில் மணிகளின் (படிகத் துகள்களின்) சராசரி அளவு 85 மைக்ரான், விகிதம் 1.3. இரண்டாவதில் 20 மைக்ரான். விகிதம் குறைவு என்பதால் ஸ்ட்ரெயின் (கல் உருக்குலைந்த அளவு) குறைவு என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா? ஸ்ட்ரெஸ் (உருக்குலைத்த விசையின் அழுத்தம்) கணக்குக்கு எந்த எண்?

நெய்வேலி_போலார்ஸ்
அப்படி எழுதிடாதீங்க. உருக்குலையும்போதே புதுசாகப் பிறக்கும் குவார்ட்ஸ் மணிகள் கொஞ்சம் நீண்டதும் மறுபடி உடைந்து, எல்லை நகர்ந்து, புது வடிவம் எடுத்துக்கொண்டே இருக்கும். கல் பத்து மடங்கு இழுபட்டிருந்தாலும் அவற்றின் விகிதம் 1.5, 2 என்று நிற்கலாம். மொத்த ஸ்ட்ரெயின் வேண்டுமென்றால் பழைய நாடாவின் நீளம், அகலத்தை அளங்க. அதையும் "குறைந்தபட்சம் இவ்வளவு" என்றுதான் சொல்லலாம். சின்ன மணிகளின் வடிவத்துக்கு வேறு பயன் இருக்கு: அவற்றின் நீள்திசை ஃபோலியேஷனுக்கு (கல்லின் அடுக்குத் தளத்துக்கு) சாய்வாக இருந்தால் ஷியர் எந்தப் பக்கம் என்று தெரியும்.

அதற்கு முன்னால் ஒன்று: ஸ்லைடு எந்தத் திசையில் வெட்டியது? ஃபோலியேஷனுக்குச் செங்குத்தாகவும் லீனியேஷனுக்கு (அந்தத் தளத்தில் இழுபட்ட கோடுகளுக்கு) இணையாகவும் இருக்கணும். லீனியேஷனுக்குக் குறுக்கே வெட்டினால் நாடாவே குட்டையாகத் தெரியும். மார்க்கர் அம்பு ரம்பத் தண்ணீரில் அழிந்துபோகும், அதனால் சில்லின் ஒரு மூலையில் வெட்டுக்குறி போட்டு அனுப்புங்க.

மயிலம்_கல்
85 என்ற சராசரியே சந்தேகம். ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்க, இரண்டு மேடு வரும். ஒன்று உடையாமல் மிஞ்சிய பெரிய பழைய மணிகள், இன்னொன்று புது மணிகள். இரண்டையும் கூட்டி எடுத்த சராசரியில் ஒரு மணிகூட இருக்காது.

ஆட்டோ த்ரெஷோல்டு இங்கே உதவாது. கிராஸ்டு போலார்ஸில் (செங்குத்தாக வைத்த இரண்டு போலராய்டுக்கு நடுவில்) ஒரே நேரத்தில் கறுக்கும் பக்கத்து மணிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அலை அலையாக எக்ஸ்டிங்ஷன் ஆகும் (கறுக்கும்) ஒரே மணி நாலாக உடையும். ஸ்டேஜை 15 பாகை வீதம் திருப்பி நாலு படம் எடுங்க, ஜிப்சம் பிளேட் (மணிகளை நிற வேறுபாட்டில் காட்டும் தகடு) போட்டும் ஒன்று. மேலே மேலே வைத்து எல்லையைக் கையால் வரைங்க. நிறம் பளிச்சென்று மாறினால் மணி எல்லை, மெல்ல மாறினால் உள்ளே இருக்கும் சப்கிரெய்ன் (ஒரே மணிக்குள் சற்றே திரும்பிய பகுதி). ஸ்கேலை ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவுகோல் பொறித்த ஸ்லைடு) படம் வைத்து அமைங்க, லென்ஸ் மாறும் ஒவ்வொரு முறையும். ஓரத்தில் வெட்டுப்படும் மணிகளை விடுங்க. குறைந்தது 200 மணி வேணும்.

ஸ்லைடின் கனம் 30 மைக்ரான். அதைவிடச் சின்ன மணிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், எல்லை மங்கும். 20 மைக்ரானை இருபது மடங்கு லென்ஸில் நம்பாதீங்க. குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் ஸ்லைடே தடிமன், திரும்பத் தேய்க்கக் கொடுங்க. (ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரிக் காற்றில் சில்லை ஓவனில் உலர்த்தாமல் எபாக்சியில் ஒட்டினால் குமிழி வந்து அளவையே கெடுக்கும்.)

பாகூர்_ஜியாலஜி
நன்றி சார். வெட்டு சரியான திசைதான். கையால் வரைந்ததில் முதல் ஸ்லைடின் புது மணிகள் 38 மைக்ரான். இரண்டாவது 20லேயே நிற்குது, நடுவில் நிறைய பயோடைட் (கறுப்பு மைக்கா). முதல் ஸ்லைடில் ஒரு மூலையில் மட்டும் எல்லைகள் நேராக, மூன்று மணி சந்திக்கும் இடத்தில் 120 பாகை.

நெய்வேலி_போலார்ஸ்
இரண்டாவது எண்ணை ஸ்ட்ரெஸ்ஸுக்கு எடுக்காதீங்க. மைக்கா தகடுகள் எல்லையை வளரவிடாமல் பிடித்துக்கொள்ளும், அந்த 20க்குக் காரணம் ஸ்ட்ரெஸ் அல்ல, மைக்கா. 120 பாகை மூலையையும் விடுங்க. உருக்குலைவு நின்ற பிறகு வெப்பத்தில் வளர்ந்த மணிகள் அவை, கணக்கில் சேர்த்தால் ஸ்ட்ரெஸ் குறைவாக வரும். மைக்கா இல்லாத சுத்தக் குவார்ட்ஸ் நாடாவின் 38தான் உங்கள் எண்.

சூத்திரம்: 3631ஐ மணியின் அளவால் (மைக்ரானில்) வகுத்து, வந்ததை 0.794 அடுக்குக்கு உயர்த்துங்க. 38க்கு ஏறத்தாழ 37 மெகாபாஸ்கல். 2010இல் வந்த திருத்தப்படி 0.73ஆல் பெருக்கினால் 27. திருத்தம் போடாத கணக்கில் பழைய 85ஐப் போட்டிருந்தால் 20, மைக்கா ஸ்லைடின் 20ஐப் போட்டிருந்தால் 62. ஒரே கல்லுக்கு மூன்று மடங்கு வித்தியாசம்! எந்தச் சூத்திரம் என்றும் எழுதுங்க. அது இருபடிச் சராசரி மூலத்துக்கு அமைந்தது, சாதாரண சராசரி சற்றுக் குறைவாக இருக்கும்.

மயிலம்_கல்
வெப்பநிலையை மணி அளவிலிருந்து எடுக்காதீங்க, எல்லையைப் பாருங்க. பழைய மணியின் ஓரம் மட்டும் சின்னப் புடைப்புகளாக அரிக்கப்பட்டிருந்தால் சுமார் 280–400 டிகிரி. உள்ளே இருக்கும் சப்கிரெய்னும் வெளியே இருக்கும் புது மணியும் ஒரே அளவென்றால் 400–500. எல்லை வளைந்து நெளிந்து ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தால் 500க்கு மேல். நீர் அதிகமென்றாலோ உருக்குலைவு மெதுவென்றாலோ இந்த எல்லைகள் கீழே இறங்கும். அதனால் பக்கத்து ஃபெல்ட்ஸ்பாரையும் பாருங்க: உடைந்து விரிசல் மட்டும் இருந்தால் 400ஐ ஒட்டி, ஓரத்தில் அதுவும் சின்ன மணிகளாக மாறியிருந்தால் 450க்கு மேல். அந்த இரண்டு படத்தையும் ரிப்போர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைங்க.