உளுந்தங்களி கட்டி தட்டாமல் கிண்டுவது எப்படி? ஆச்சி கைப்பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்பைத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலைக்காக ஓசூரில் இருக்கிறோம். போன வாரம் மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள். எங்கள் பக்கம் அதற்கு முதல் வேலையே உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதுதான். ஆச்சி இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவும் இல்லை. மனைவிக்குத் தருமபுரி, அவர்கள் வீட்டில் களி என்றால் கேழ்வரகுக் களிதான். அதனால் நானே அடுப்படியில் இறங்கிவிட்டேன்.

இரண்டு தடவை கிண்டிப் பார்த்தாயிற்று. முதல் தடவை கருப்பட்டித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் மாவைக் கொட்டினேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் திரண்டுவிட்டது, பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பச்சை மாவு. இரண்டாவது தடவை கட்டி தட்டவில்லை, ஆனால் அடி பிடித்தது, உளுந்தின் பச்சை வாடை போகவில்லை, பல்லில் மண் நறநறத்தது. மகள் எனக்காக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள். எனக்கு மனசே சரியில்லை.

அக்காவுக்குச் சடங்கானபோது எனக்கு எட்டு வயது. ஆச்சி விறகடுப்பில் உருளியை ஏற்றி, உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் அகப்பையால் கிண்டிக்கொண்டே இருப்பார். இறக்கியதும் கையைத் தண்ணீரில் நனைத்து, சூடு பொறுக்கப் பொறுக்க உருண்டை பிடித்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. அந்தக் குழி நிறைய நல்லெண்ணெய். அக்கா கையில் கொடுத்துவிட்டு, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து, "எல, இது பொம்பளப்பிள்ளைக்கு உள்ளது, உனக்கு ஒண்ணுதான்" என்று சின்னதாக ஒன்று தருவார். கடிக்கும்போது எண்ணெய் முழங்கை வரைக்கும் ஒழுகும். அளவு கேட்டால் "கண்ணளவுதான்ல" என்பார். அந்தக் கண் எனக்கு இல்லை. தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

விளாத்திகுளம் அக்கா:

தம்பி, முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்து. நீங்கள் செய்த மூன்று தப்பும் இங்கே பாதிப்பேர் செய்கிற தப்புதான், திருத்திவிடலாம்.

கருப்பு உளுந்து ஒரு டம்ளர், தொலியோடு. தொலி நீக்கிய வெள்ளை உளுந்து போட்டால் அந்த நிறமும் மணமும் வராது. பச்சரிசி கால் டம்ளர். உளுந்தைத் தனியாக வெறும் வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. கறுப்புத் தொலி என்பதால் நிறத்தைப் பார்த்துப் பதம் கண்டுபிடிக்க முடியாது, மூக்குதான் சொல்லும். வாசனை வீடெல்லாம் வந்து, நாலு உளுந்தை வாயில் போட்டுக் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். உங்களுக்குப் பச்சை வாடை நின்றது அநேகமாக இந்த இடத்தில்தான். அரிசியையும் வெதுவெதுப்பாக வறுத்துக்கொண்டு, ஆறியபின் இரண்டையும் மாவாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி தட்டியது ஒன்றரை டம்ளர். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கரைகிற வரைக்கும் சூடாக்கினால் போதும், பாகு பதமெல்லாம் வேண்டாம். அதைத் துணியில் வடிகட்டி, கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, அடியில் நிற்கும் கடைசிக் கரண்டியைக் கொட்டிவிடுங்கள். மண் அதில்தான் இருக்கும். அப்புறம் முக்கியமான விஷயம், மாவை அடுப்பில் வைத்துக் கொட்டவே கூடாது. இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மாவைத் தோசை மாவைவிடத் தளர்வாகக் கரைத்து, ஆறிய கருப்பட்டித் தண்ணீரையும் அதிலேயே சேர்த்து, கையை விட்டு நன்றாகக் கலக்கியபிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் விழுந்த மாவு, வெளிப்பக்கம் உடனே வெந்து ஓடு மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது. உங்கள் கோலிக்குண்டு அப்படி வந்ததுதான்.

நல்லெண்ணெய் அரை டம்ளர். ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். களி இறுக ஆரம்பித்ததும் ஒரு கரண்டி, அது உள்ளே இழுத்ததும் இன்னொரு கரண்டி, இப்படியே விட்டுக் கிண்டினால் அடி பிடிக்காது. எப்படியும் இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இழுத்த எண்ணெயை ஓரத்தில் திரும்பக் கக்கும், மேலெல்லாம் பளபளவென்று மின்னும். கையை நனைத்துத் தொட்டுப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் இறக்குங்கள். ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிஷம். சுக்குப் பொடி ஒரு சிட்டிகை என் மாமியார் போடுவார், எங்கள் அம்மா போடமாட்டார். நான் போடுகிறேன், வயிறு கனக்காமல் இருக்கிறது.

செக்கு நல்லெண்ணெய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எள்ளை ஆட்டும்போதே கருப்பட்டி சேர்த்துத்தான் ஆட்டுவார்கள், அதனால் அந்த எண்ணெய்க்கும் களிக்கும் ஒரு சேர்மானம் உண்டு.

பனைநிழல்:

அக்கா சொன்ன பக்குவத்தில் மாற்றமே இல்லை. கருப்பட்டி பற்றி மட்டும் ஒன்று. எங்கள் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறியவர், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை வடிகட்டி, மணிக்கணக்கில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பார்கள். அதனால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட வடிவம். விடியற்காலையில் மரம் ஏறி, வெயிலில் அடுப்புக்கு முன்னால் நின்று, நாள் முழுக்கப் பாடுபட்டுச் செய்த சரக்கின் பெயரில் இன்று வெள்ளைச் சீனியைக் கலந்து விற்கிறார்கள். அதில் களி கிண்டினால் இனிப்பு மட்டும்தான் இருக்கும். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு நாக்கில் நிற்கும். உடைத்துப் பார்க்கும்போது உள்ளே சீனிப் பரல் மாதிரி மினுமினுத்தால் வாங்காதீர்கள். ஓசூரில் தேடி அலைவதைவிட, ஊரில் யாராவது இருந்தால் இரண்டு கிலோ வாங்கி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

வடமராட்சியாள்:

தம்பி, நாங்கள் யாழ்ப்பாணம். எங்கள் ஊரிலும் பிள்ளை பெரிசானால் இதே களிதான், உழுத்தங்களி என்போம். காலையில் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும், அதற்குப் பிறகு களி. வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுவோம், இனிப்புக்குப் பனங்கட்டி. உழுந்து மாவோடு கொஞ்சம் அரிசிமா. தண்ணீருக்குப் பதிலாக இரண்டாம் பாலில் மாவைக் கரைத்து அடுப்பில் வையுங்கள், இறுகி வரும்போது முதற்பாலைச் சேருங்கள். களி மெத்தென்று இருக்கும், எண்ணெயும் குறைவாகவே பிடிக்கும். முதல் தடவை சாப்பிடுகிற பிள்ளைக்கு இது சுலபமாக இறங்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு அம்மம்மாதான் செய்து தந்தவ. இடம்பெயர்ந்து வேறு ஆட்கள் வீட்டில் இருந்த காலம். பனங்கட்டி ஒரு குட்டான்தான் கையில் இருந்தது. அந்தச் சின்ன ஓலைக் குட்டானைப் பிரித்து, ஓலையில் ஒட்டியிருந்ததைக்கூட வெந்நீரில் கழுவி அந்தத் தண்ணீரையும் சட்டிக்குள் ஊற்றினா. வீட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தா. எனக்கு வந்தது மூன்று விரலளவு. இப்போது எங்கள் வீட்டில் பனங்கட்டி எவ்வளவோ இருக்கிறது, ஆனாலும் பிரித்த ஓலையைச் சும்மா எறிய எனக்குக் கை வருவதில்லை.

மேலத்தெரு:

சமையலில் சொல்ல வேண்டியதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சடங்கானபோது பதினாறு நாள் பச்சை ஓலைக் குச்சிலில் தனியாக உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், எதையும் தொடக் கூடாது. என்ன நடக்கிறது என்று யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை, பயந்து பயந்து அழுதேன். அந்தப் பதினாறு நாளில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் என் பெரியம்மா. களி உருண்டையை எட்டி நின்று போடாமல், உள்ளே வந்து, தலையைத் தடவி, வாயில் ஊட்டிவிட்டுப் போவார். இன்றைக்கும் வறுத்த உளுந்து வாசனை வந்தால் எனக்கு அவர் கைதான் ஞாபகம் வரும்.

அதனால் தம்பி, அடுத்த தடவை கிண்டும்போது மகளையும் அடுப்பு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள். எண்ணெயை அவள் ஊற்றட்டும். இடுப்புக்குப் பலம் என்று பெரியவர்கள் சொல்வதைச் சொல்லுங்கள், உங்கள் ஆச்சியைப் பற்றியும் சொல்லுங்கள். அவளைத் தள்ளி உட்கார வைத்துக்கொண்டு களி மட்டும் சரியாக வந்து என்ன ஆகப் போகிறது?

அம்பைத் தம்பி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். விளாத்திகுளம் அக்கா அளவு அப்படியே, சுக்கும் போட்டேன். கருப்பட்டியை அம்பையிலிருந்து சித்தப்பா அனுப்பியிருந்தார், வடிகட்டி வைத்ததில் அடியில் ஒரு ஸ்பூன் மண் நின்றது. தேங்காய்ப்பால் களி அடுத்த வாரம், மனைவி இப்போதே தேங்காய் வாங்கி வைத்துவிட்டாள்.

மேலத்தெரு அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டிலும் தனித் தட்டு எடுத்து வைத்திருந்தோம், ஊர் வழக்கம் என்று யோசிக்காமல் செய்தது. அதை அன்றைக்கே அலமாரிக்குள் வைத்துவிட்டோம். மகள் அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்து கரண்டி கரண்டியாக எண்ணெய் விட்டாள். ஓரத்தில் எண்ணெய் கக்க ஆரம்பித்ததை முதலில் பார்த்ததும் அவள்தான்.

உருண்டை பிடித்து நான் குழி போட்டேன். "குழி பெருசா இருக்குப்பா, எண்ணெய் ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லி, அடுத்த உருண்டையை வாங்கித் தன் கட்டைவிரலாலேயே குழி போட்டுக்கொண்டாள். மூன்று உருண்டை சாப்பிட்டாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.